பார்வையில்லாமல் லான் பவுல்ஸ்: முதல் பவுலிலிருந்து பன்னாட்டுப் போட்டி வரை

லான் பவுல்ஸில் ஒரு வசதி உண்டு. யாரும் உங்களை நோக்கிப் பந்தை அடிக்கப்போவதில்லை. பவுல் என்கிற பெரிய பந்து உங்கள் கையிலிருந்துதான் கிளம்புகிறது. ஜாக் என்கிற சின்னப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கேயே கிடக்கிறது. பார்வை இல்லாதவரும் பார்வை உள்ளவரும் ஒரே கிளப்பில், ஒரே தரையில் எதிரெதிரே ஆடி, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கக்கூடிய சில விளையாட்டுகளில் இது ஒன்று. பொழுதுபோக்காக ஆடுவதற்கு இதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டாம். நாட்டுக்காக ஆட வேண்டும் என்றால் கொஞ்சம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. தரையில் விரித்த மேட் என்கிற சின்ன விரிப்பின் மேல் ஒரு காலாவது இருக்க, பவுலை உருட்டி ஜாக்குக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். எதிராளியின் மிக நெருங்கிய பவுலைவிட உங்களுடையவை எத்தனை ஜாக்குக்கு அருகில் இருக்கின்றனவோ, அத்தனை புள்ளி (ஷாட்) உங்களுக்கு. எல்லாரும் உருட்டி முடித்தால் ஒரு எண்ட். அடுத்த எண்ட் எதிர்த்திசையில். ஜாக் மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பவுல் சரியான உருண்டை அல்ல. அதன் வடிவத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. அதைப் பயஸ் என்பார்கள். வேகம் குறையக் குறைய அது ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். ஆகவே ஜாக்கை நோக்கி நேராக உருட்டினால் ஜாக்குக்குப் போய்ச் சேராது. பக்கவாட்டில் விட்டு, வளைந்து வரவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திசையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாம் பட்சம். திசையை இன்னொருவர் காட்டிவிட முடியும்; எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் கைதான் கற்க வேண்டும். திசை காட்டுகிற அந்த இன்னொருவர் யார், அவர் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் மீதி ஆட்டம் இருக்கிறது.

முதலில் உங்கள் பிரிவு

பன்னாட்டுப் போட்டிகளில் பார்வைக் குறைபாட்டை பி1, பி2, பி3 என்று பிரிக்கிறார்கள். பார்வைக்கூர்மையை லாக்மார் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடக் கூடப் பார்வை குறைவு. அது 2.60-ஐவிட மோசமாக இருந்தால் பி1. எதுவுமே தெரியாதவர்களும், வெளிச்சம் மட்டும் தெரிகிறவர்களும் இதில் வருவார்கள். 1.50 முதல் 2.60 வரை, அல்லது பார்வைப் புலத்தின் (கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு) விட்டம் 10 டிகிரிக்கும் குறைவு என்றால் பி2. 1.0 முதல் 1.40 வரை, அல்லது புலம் 40 டிகிரிக்கும் குறைவு என்றால் பி3. லாக்மார் 1.0 என்பது கண் மருத்துவரின் சீட்டில் 6/60 என்று எழுதியிருக்கும். பவுல்ஸில் பி4 என்றும் ஒரு பிரிவு உண்டு, பி3-ஐவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறவர்களுக்கு. ஆனால் எல்லாப் போட்டிகளிலும் அதற்கு இடமில்லை.

கணக்கில் எடுப்பது இரண்டில் நல்ல கண்ணை. அதுவும் கண்ணாடி, லென்ஸ் எல்லாம் போட்ட பிறகு மிஞ்சும் பார்வையை. ஒரு கண் முழுக்கப் போய், மறு கண் நன்றாக இருக்கிறவருக்கு இங்கே பிரிவு கிடையாது. இது தெரியாமலேயே பல மாதம் பயிற்சி செய்துவிட்டுப் பிறகு மனம் நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கண் மருத்துவரிடம் போய் இரண்டு கண்ணுக்கும் கூர்மை, புலம் இரண்டையும் அளந்து எழுதி வாங்குவதை முதல் வேலையாக வையுங்கள்.

எந்தப் போட்டியை இலக்காக வைப்பது என்பதை இந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. காமன்வெல்த் போட்டிகளில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இருப்பது பி2/பி3 கலப்பு இரட்டையர்: ஓர் ஆண், ஒரு பெண், ஆளுக்கு ஒரு டைரக்டர், அதாவது கூட நின்று திசை சொல்பவர். 2014 கிளாஸ்கோவில் தென்னாப்பிரிக்காவும், 2018 கோல்ட் கோஸ்ட்டில் ஆஸ்திரேலியாவும், 2022 பர்மிங்காமில் ஸ்காட்லாந்தும் தங்கம் வென்றன. 2026 கிளாஸ்கோவின் பட்டியலிலும் பாரா பவுல்ஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பவுல்ஸ்) உண்டு, ஆனால் உள்ளரங்கத்தில். முழுப் பார்வையின்மை உள்ள பி1 ஆட்டக்காரர் இதை நம்பி உட்கார வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கென்றே தனியாக நடக்கும் பன்னாட்டுப் போட்டிகளில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே மோதும். அவருக்கு ஏற்ற களம் அதுதான். பாராலிம்பிக் ஆசையோடு யாராவது வந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நியாயம்: 1968 முதல் 1988 வரை லான் பவுல்ஸ் அங்கே இருந்தது, 1996 அட்லாண்டாவில் ஒருமுறை திரும்பி வந்தது, அதன்பின் இல்லை.

கிளப்பில் முதல் நாள்

தனிப் பயிற்சி மையம் தேடி அலைய வேண்டாம். சாதாரண பவுல்ஸ் கிளப் போதும். பழக்கமில்லாத கிளப் என்றால் பொறுப்பாளர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். என்னென்ன தேவைப்படும் என்று நீங்களே வரிசையாகச் சொல்லிவிட்டால் தயக்கம் பாதி போய்விடும். ஆள் குறைவான நேரம், ஓரத்து ரிங்க் (ஆடும் பாதை) ஒன்று, இரவல் பவுல்கள், கூட நிற்க ஒருவர். இவ்வளவுதான். தட்டையான அடியுள்ள, குதிகால் உயரமில்லாத காலணி போட்டுப் போங்கள். மற்ற காலணியோடு கிரீன் என்கிற ஆட்டத் தரையில் ஏற விடமாட்டார்கள்.

உருட்டுவதற்கு முன் கிரீனை ஒரு சுற்று நடந்து பாருங்கள். நான்கு பக்கமும் டிட்ச் என்ற பள்ளம் ஓடும், அதற்கப்பால் உயர்ந்த கரை. பார்வை இல்லாதவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் ஆட்டம் முடிந்து பேச்சு மும்முரத்தில் கீழே இறங்கும்போது. எந்த இடத்தில் படியோ பலகையோ வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, எப்போதும் அதே வழியில் ஏறி இறங்கும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பவுல்

அளவு சரியா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. இரண்டு கையின் கட்டைவிரல்களையும் நடுவிரல்களையும் பவுலின் பெரிய சுற்றளவில் வளைத்துப் பிடியுங்கள். மேலே கட்டைவிரல்களும் கீழே நடுவிரல்களும் ஒன்றையொன்று தொட்டால் ஏறத்தாழ உங்கள் அளவு. ஈரக் கையோடும் வழுக்காமல் பிடிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் அளவு சின்னதை எடுங்கள். பெரிய பவுலை இறுக்கிப் பிடிப்பவரின் மணிக்கட்டு திரும்பிவிடும், பவுல் ஆட்டம் கண்டு ஓடும்.

இனி விரல்களுக்கு வேலை. பவுலின் இரண்டு பக்கமும் வட்டச் சின்னம் செதுக்கியிருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்ன வட்டம் எந்தப் பக்கமோ, பவுல் அந்தப் பக்கம் வளையும். பார்க்கிறவர்களே இதைத் தலைகீழாகப் பிடித்து, பக்கத்து ரிங்க்குக்குப் பவுலை அனுப்பிவிட்டு அசடு வழிவதுண்டு. வலக்கைக்காரர் பவுலை வலப்பக்கமாக விட்டு வளையவிடுவது ஃபோர்ஹேண்ட், இடப்பக்கமாக விடுவது பேக்ஹேண்ட்; இடக்கைக்காரருக்கு நேர்மாறு. உங்களுக்கு ஒரே விதி போதும்: ஃபோர்ஹேண்டில் சின்ன வட்டம் சுண்டுவிரல் பக்கம், பேக்ஹேண்டில் கட்டைவிரல் பக்கம். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் இது ஒன்றுதான். மேட்டில் ஏறியதும் ஆள்காட்டி விரலால் இரண்டு வட்டத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும். எண்பதாவது பவுலாக இருந்தாலும் சரி. சில பவுல்களில் செதுக்கல் ஆழமில்லை, விரலுக்குச் சரியாகப் படாது. சொந்தமாக வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். கூடவே, உலக பவுல்ஸ் அமைப்பின் முத்திரையில் உள்ள ஆண்டு கடந்துவிடவில்லையா என்று ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய பவுல்கள் கிளப்புக்கு உதவும், பன்னாட்டுப் போட்டியில் நிறுத்திவிடுவார்கள்.

மேட்டில் நிற்பது

மேட் 60 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம். அதன் விளிம்பு உங்கள் காலுக்குத் தெரியும். அதுதான் உங்கள் முதல் அடையாளம். பி1 ஆட்டங்களில் ரிங்க்கின் நடுக்கோட்டில் ஒரு மெல்லிய நூல் கட்டும் வழக்கம் உண்டு. குனிந்து அதைத் தொட்டால் நடுக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். நூல் நடுவைத்தான் காட்டும், நீங்கள் உருட்ட வேண்டிய கோட்டை அல்ல. அந்தக் கோடு நூலிலிருந்து விலகிப் போகும். எவ்வளவு விலகல் என்பதை அன்றைய தரை சொல்லும்.

விலகலைப் பிடிக்க எளிய வழி, டைரக்டர் அந்தக் கோட்டில் சில மீட்டர் தள்ளிப் போய் நின்று குரல் கொடுப்பது. குரலை நோக்கி முதலில் பாதங்களைத் திருப்புங்கள், பிறகு இடுப்பு, தோள். தலையை மட்டும் திருப்பிவிட்டு உடம்பை விட்டுவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. டைரக்டர் விலகியதும் அதே கோட்டில் ஓர் அடி எடுத்துவைத்து, பின்னால் போன கை நேராக முன்னே வர, பவுலைத் தரையோடு தரையாக வழுக்கிவிட வேண்டும். உயரத்திலிருந்து போட்டால் தொப்பென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கிரீன் பொறுப்பாளர் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்.

நீளம் பழகுவது

பயிற்சியில் பாதிக்கு மேல் இதற்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். ஜாக்கே வேண்டாம். நான்கு பவுலையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி, நான்கும் ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 25 மீட்டரா 28 மீட்டரா என்பது முக்கியமில்லை. நான்குக்கும் இடையே இடைவெளி குறைய வேண்டும். அது குறைந்தபின் ஜாக்கை வைத்து, கிட்ட, நடு, தூரம் என்று மாற்றி மாற்றி ஆடலாம். ஒவ்வொரு பவுலுக்கும் பதில் எண்ணாக வர வேண்டும்: "ரெண்டடி கம்மி", "ஓரடி தாண்டிடுச்சு". "பரவாயில்ல", "கிட்டத்தட்ட" என்பவை உற்சாகத்துக்கு ஆகும், கைக்கு எதையும் கற்றுத்தராது.

இன்னொரு பயிற்சி காதுக்கு. பவுல் கையை விட்டதிலிருந்து நிற்கும்வரை மனதுக்குள் நொடியை எண்ணுங்கள். தரையின் வேகத்தை அளப்பதே இப்படித்தான்: 27 மீட்டர் தள்ளி இருக்கும் ஜாக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் வந்து நிற்க ஒரு பவுலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அந்தக் கிரீனின் வேகம். நொடி கூடினால் தரை வேகமானது. கேட்க முரணாக இருக்கும். ஆனால் உராய்வு குறைந்த தரையில் மெல்லத் தள்ளினாலே போதும், பவுல் நின்று நிதானமாக வெகுநேரம் ஓடும், அதனால் அதிகம் வளையும். பிரிட்டனில் 10, 11 நொடித் தரை சாதாரணம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 14, 15 நொடியும் அதற்கு மேலும் போகும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் முதல் சில எண்ட்களில் டிட்ச்சில்தான் கொண்டுபோய்ப் போடும். செயற்கை விரிப்பு, உள்ளரங்க விரிப்பு ஒவ்வொன்றும் ஒரு ரகம். பன்னாட்டு ஆசை இருந்தால் மாதத்தில் சில நாளாவது வேறு வேறு தரைகளில் ஆடுங்கள். புல்தரை என்றால் காலைப் பனி ஈரத்தோடு ஒருமுறை, வெயில் ஏறியபின் ஒருமுறை. ஒரே கிரீன் ஒரே நாளில் இரண்டு கிரீன் போல நடந்துகொள்ளும்.

டைரக்டர்

பாரா பவுல்ஸில் உங்களுக்குக் கண்ணாக இருப்பவரை டைரக்டர் என்பார்கள். அவர் பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணவன், மனைவி, தகப்பன், கிளப் நண்பர் யாராகவும் இருக்கலாம். மேடையில் பதக்கம் அவர் கழுத்திலும் விழும். பர்மிங்காம் 2022-ல் ஸ்காட்லாந்தின் மெலனி இன்னஸ், ராபர்ட் பார் தங்கம் வென்றபோது அவர்களுடைய டைரக்டர்கள் ஜார்ஜ் மில்லரும் சாரா ஜேன் யூயிங்கும். மில்லருக்கு அப்போது 75 வயது; காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர்களில் மிக மூத்தவர் என்ற பெயர் அவருக்கு. ஆகவே டைரக்டர் தேடும்போது வயதைப் பார்க்காதீர்கள். ஆட்டம் தெரிந்தவரா, பதறாதவரா, வாரத்தில் பல நாள் வரக்கூடியவரா என்று பாருங்கள். மூன்றாவதுதான் கிடைக்காது.

ஜாக்கைச் சுற்றிப் பவுல்கள் கிடக்கும் நிலையை ஹெட் என்பார்கள். அதைச் சொல்லக் கடிகார முறையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஜாக்தான் கடிகாரத்தின் நடு. மேட்டிலிருந்து பார்க்க, ஜாக்குக்கு அப்பால் 12 மணி, உங்கள் பக்கம் 6, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. நல்ல டைரக்டர் சொல்வது இப்படி இருக்கும்:

"ஜாக் நடுவுல, இருபத்தேழு மீட்டர். நம்மது ஏழு மணி, ஓரடி. அவங்களது நாலு மணி, ரெண்டடி. பன்னெண்டு மணி, மூணடி. ஒரு ஷாட் நமக்கு. பேக்ஹேண்ட் திறந்திருக்கு."

அவ்வளவுதான். மனதில் படம் வந்துவிட்டது. இதையே மோசமான டைரக்டர் சொன்னால், "நம்மது சூப்பரா இருக்கு, அவங்களது கொஞ்சம் அந்தப் பக்கம், பாத்து போடுங்க" என்று முடியும். பார்க்காமல் போடுகிறவரிடம் பார்த்துப் போடச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும், இந்த வாக்கியத்தில் ஆட்டத்துக்கு உதவும் தகவல் ஒன்றுகூட இல்லை.

ஆரம்பத்திலேயே சிலவற்றைப் பேசி முடிவுசெய்துவிடுங்கள். அளவு அடியிலா மீட்டரிலா? எது முதலில் வர வேண்டும், யாருக்கு ஷாட் என்பதா, ஜாக் எங்கே என்பதா? பவுல் ஓடும்போது பேசலாமா? என் விருப்பம், பவுல் நிற்கும்வரை மௌனம், நின்றபின் எண். ஓடும் பவுலின் ஓசையைக் காது கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் பேச்சு வந்தால் கணக்கு கலைந்துவிடும். எந்த மாதிரி உருட்டுவது என்பதை யார் முடிவுசெய்வது என்பதையும் தெளிவாக்குங்கள். டைரக்டர் நிலைமையைச் சொல்லலாம், யோசனையும் சொல்லலாம், முடிவு ஆட்டக்காரருடையது. பவுல்ஸில் ஊறிய டைரக்டர்களுக்கு இது கஷ்டம். அவர்களை அறியாமலேயே உங்கள் கையை வைத்துத் தாங்கள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். அப்படி நடந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

டைரக்டர் எங்கே நிற்கலாம், எப்போது மேட் பக்கம் வரலாம், பி1 ஆட்டக்காரர் கண்ணை மறைக்கும் கண்ணாடி போட வேண்டுமா என்பவை ஒவ்வொரு போட்டியின் நிபந்தனைத் தாளில் இருக்கும். அதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

தேர்வும் வகைப்படுத்தலும்

பன்னாட்டுப் போட்டிக்கு நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது, உங்கள் நாட்டின் பவுல்ஸ் அமைப்புதான் அனுப்ப வேண்டும். ஆகவே உள்நாட்டில் கிடைக்கும் போட்டிகளில் ஆடி, முடிவுகளை எழுத்தில் சேர்த்து வையுங்கள். பாரா போட்டிகள் இல்லாத இடமென்றால் பார்வையுள்ளவர்களோடு கிளப் லீக்கில் ஆடிய கணக்கும் உதவும். தேர்வாளர்கள் வெற்றியைவிட நிலைத்தன்மையைப் பார்ப்பார்கள். செலவையும் இப்போதே யோசியுங்கள்: விமானம், தங்குமிடம் எல்லாமே இரண்டு பேருக்கு. டைரக்டர் விடுப்பு எடுக்க முடியுமா என்பதும் அதில் சேர்த்தி.

வகைப்படுத்தல் என்பது நிபுணர்கள் உங்கள் கண்ணைச் சோதித்துப் பிரிவை உறுதிசெய்வது. உங்கள் கண் மருத்துவர் நிரப்பிய மருத்துவப் படிவம் வேண்டும்; 12 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. புலக் குறைபாடு என்றால் புலச் சோதனையின் அச்சுப்படியும் வேண்டும். கண்ணாடி, லென்ஸ் போடுபவர் அதைக் கொண்டுபோக வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போகலாம். முடிவில் பிரிவோடு ஒரு நிலையும் தருவார்கள்: உறுதி, குறிப்பிட்ட ஆண்டில் மறுஆய்வு, அல்லது மீண்டும் ஆய்வுக்கு உட்பட்டது. பார்வை மாறிக்கொண்டே இருக்கும் நோய் என்றால் பி3 பி2 ஆகலாம். அறுவைச் சிகிச்சையால் பார்வை கூடினால் பிரிவே போகலாம். இரண்டையும் நீங்களாகவே தெரிவிக்க வேண்டும்.

சொட்டு மருந்தும் மாத்திரையும்

இதைப் பலர் கவனிப்பதில்லை. கண் நோய் உள்ள விளையாட்டு வீரருக்கு ஊக்கமருந்து விதி தனிச் சிக்கல். கண் அழுத்தத்துக்குத் தரும் அசெட்டாசோலமைட் மாத்திரை சிறுநீர்ப் பெருக்கி வகையில் வருவதால் எப்போதும் தடை. அதே வேலையைச் செய்யும் டார்சோலமைட், பிரின்சோலமைட் சொட்டு மருந்துகளுக்குத் தடை இல்லை. கண் அழற்சிக்கு விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் போட்டிக் காலத்தில் தடை. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கண்ணை விட ஆட்டம் பெரிதல்ல. மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிகிச்சைக்கான விலக்குக்குப் போட்டிக்கு வெகுமுன்பே விண்ணப்பியுங்கள். தடைப் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், போடும் மருந்து எல்லாவற்றையும் அந்தந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

போன இடத்தில்

நான்கு பவுல் சேர்ந்தால் சுமார் ஆறு கிலோ. பெட்டி தொலைந்தால் ஆட்டமே தொலைந்தது என்பதால் கூடவே எடுத்துப் போக முடியுமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்ட இடத்துக்கு முதல்முறை போகும்போது பவுலைத் தொடாமல் வழிகளை மட்டும் நடந்து பழகுங்கள்: கழிப்பறை, அழைப்பு அறை, கிரீனில் இறங்கும் படி. பிறகு பயிற்சி நேரத்தில் நொடியை எண்ணுங்கள். வீட்டுத் தரையோடு எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் பின்வீச்சை எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்று கை தானே பேசத் தொடங்கும்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு திசையிலும் ஒரு பயிற்சி எண்ட் தருவார்கள். அதில் ஜாக்கைத் தொட்டுக் காட்ட ஆசைப்படாதீர்கள். இரண்டு ஃபோர்ஹேண்ட், இரண்டு பேக்ஹேண்ட். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறது, எது நம்பகமானது என்று தெரிந்தால் போதும். ஒரே ரிங்க்கில் இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்காது. எந்தத் திசையில் எந்தக் கை, அதாவது ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா, என்று முடிவுசெய்துவிட்டால், நல்ல காரணமில்லாமல் மாற்றாதீர்கள். பக்கத்து ரிங்க்கில் கைதட்டல் எழும்பும்போது உங்கள் டைரக்டரின் குரல் காதில் விழாமல் போகலாம். அடங்கும்வரை காத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அவசரப்பட்டு மேட்டில் ஏற வேண்டாம்.

நடுவில் டைரக்டர் தவறாகச் சொல்லிவிடுவார். ஓரடி என்றது மூன்றடியாக இருக்கும். உங்கள் நல்ல பவுல் வீணாகும். கிரீனிலேயே அதைப் பேசத் தொடங்கினால் அடுத்த எண்ட்டும் போய்விடும். இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்: அவர் "என் தப்பு" என்று ஒருமுறை சொல்வார், நீங்கள் "அடுத்தது" என்பீர்கள், விவரமெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த இரவுப் பேச்சில் அன்றைய தரையின் நொடி, எந்தக் கை எடுபட்டது, எங்கே அளவு பிசகியது எல்லாவற்றையும் ஒருவர் எழுதவோ குரலில் பதிவுசெய்யவோ வேண்டும். மறுநாள் காலை அதே ரிங்க் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.